அழைத்தால் மட்டும் வரும் ஃபைல்

பைத்தான் மொழியில் தினமும் வேலை செய்பவர்கள் ஒரு சின்ன சௌகரியம் செய்து வைத்திருப்பார்கள். அடிக்கடி தேவைப்படும் கணித மாட்யூல்களை எடுத்து வைக்கும் நாலைந்து வரிகளை ஒரு ஃபைலில் எழுதி, அது இருக்கும் இடத்தை 'பைத்தான்ஸ்டார்ட்அப்' என்ற என்விரான்மெண்ட் வேரியபிளில் சொல்லிவிட்டால் போதும். கீபோர்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அடித்துப் பார்க்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். வர்க்கமூலம் கேட்டால் உடனே விடை.

வம்பு அப்புறம்தான். அடித்துப் பார்த்த அதே வரிகளைப் புரோகிராமாக எழுதி ஓட்டினால், வர்க்கமூலமா, அப்படியொரு பெயரே தெரியாதே என்று கை விரிக்கிறது பைத்தான். இது கோளாறு அல்ல, கொள்கை. அந்த ஃபைல் நேரடி உரையாடலுக்கு மட்டும்தான். புரோகிராம் ஓடும்போது அதற்கு அனுமதி இல்லை.

காரணம் எளிது. புரோகிராமை எழுதுபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர். ஓட்டுபவரின் சொந்த ஏற்பாடுகள் சொல்லாமல் உள்ளே புகுந்தால், ஒரே புரோகிராம் உங்கள் மேசையில் ஒரு விடையும் என் மேசையில் வேறு விடையும் தரும். தப்பு எங்கே என்று தேடுபவர் பாடு திண்டாட்டம்தான்.

அதற்காகப் பயனாளரின் விருப்பத்தை அடியோடு ஒதுக்கிவிட முடியுமா? பைத்தானின் பழைய பதிப்புகளில் இதற்கு ஒரு நடுவழி இருந்தது. பெயர் 'யூசர்' மாட்யூல். பயனாளர் தன் ஹோம் டைரக்டரியில், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஒரு 'பைத்தான்ஆர்சி' ஃபைலை எழுதி வைப்பார். எந்தப் புரோகிராம் ஒரு வரியில் 'யூசர்' மாட்யூலை இம்போர்ட் செய்கிறதோ, அங்கே மட்டும் அது ஓடும். பாதுகாப்போ ரகசியமோ முக்கியமான புரோகிராம்கள் அதை அழைக்கவே கூடாது, பயனாளர் எந்த வரியையும் உள்ளே நுழைத்துவிடலாம் என்று கையேடே எச்சரித்தது. பயனாளருக்கும் ஒரு புத்திமதி: யார் யார் அழைப்பார்கள் என்று தெரியாது, ஆகவே அடக்கமாக எழுதுங்கள்.

2008-ல் வந்த பைத்தான் 3.0-ல் அந்த மாட்யூல் நீக்கப்பட்டது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென ஒரு ஃபைலைத் தேடிப் படித்துக்கொள்ளலாமே என்பது வாதம். நியாயம்தான். அழைப்பு என்ற யோசனை நல்லது. எல்லோருக்கும் ஒரே ஃபைல் என்பதுதான் பலவீனம். 2022-ல் வந்த 3.11 பதிப்பில், 'டாம்ல்' வகை ஃபைல்களைப் படிக்கும் வசதி மொழியோடேயே சேர்ந்தது. அத்தகைய ஃபைலில் இருப்பவை விவரங்கள் மட்டுமே. புரோகிராம் அவற்றைப் படிக்கும். கட்டளையாக எடுத்து ஓட்டாது.

ஆனால் பின்கதவு முழுதும் மூடிவிடவில்லை. 'யூசர்கஸ்டமைஸ்' என்ற பெயரில் ஒரு மாட்யூல் பயனாளரின் பைத்தான் பொதிகளோடு கிடந்தால், வழக்கமான அமைப்பில் பைத்தான் துவங்கும்போதெல்லாம் அது தானாக ஓடும். யாரும் அழைக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் அதை அங்கே வைத்திருந்தால்? சந்தேகம் இருந்தால், பைத்தானைத் துவக்கும்போது ஒரு சிறு கோடும் பெரிய 'ஐ' எழுத்தும் சேர்த்து அடியுங்கள். சொந்த ஏற்பாடுகள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்.

உரையாடலுக்கு வேண்டிய வசதிகளை உங்கள் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமுக்கு வேண்டியதைப் புரோகிராமிலேயே எழுதுங்கள். நாளை அதை ஓட்டப்போகிறவர் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.