சுவிஸ் துப்பாக்கியும் சேதுச்சீமை வளரியும்

பழைய துப்பாக்கிப் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அது கடைசியில் சுவிட்சர்லாந்தில் போய் நிற்கும். கே-31 என்று ஒரு ராணுவத் துப்பாக்கி. 1931 முதல் 1958 வரை பெர்ன் நகரில் செய்தது. நம்மூர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய 303-ல் ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். இதில் நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். திருகுகிற வேலையை உள்ளே இருக்கும் இரும்பே பார்த்துக்கொள்ளும்! அடிக்கட்டையின் தகட்டைக் கழற்றினால், சிலவற்றில் பழைய சிப்பாயின் பெயரும் ஊரும் எழுதிய காகிதம் கூட இருக்கும். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக மதிப்பு பூஜ்யமாகியிருக்க வேண்டிய சாமான். இருந்தும் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

ரசிக்கட்டும், தப்பில்லை. ஆனால் இதே கண்ணோடு வளரியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கமுதி, முதுகுளத்தூர், சிவகங்கை பக்கம் புழங்கிய ஆயுதம் அது. வளைதடி என்றும் சொல்வார்கள். பிறை மாதிரி வளைந்திருக்கும். ஒரு முனை கனம், மறுமுனை லேசு. லேசான பக்கத்தைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி விட வேண்டும். வைரம் பாய்ந்த மரத்திலும் இரும்பிலும் செய்தார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் தந்தத்தில் செய்ததே இருந்தது. நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் வளைவில் இழை அறுபட்டு முதல் அடியிலேயே பிளந்துவிடும், எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார். எறிந்தால் கைக்கே திரும்பி வரும் என்பதெல்லாம் சினிமாக் கதை. மானின் காலில் பட்ட தடி எப்படித் திரும்பி வரும்?

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், வளரி எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்கிறார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் எழுதுகிறார். அதே சின்ன மருதுவை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் வந்தது, பாளையக்காரர் பூமியில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமானது. 1909-ல் வெளிவந்த தர்ஸ்டன் நூலில் புதுக்கோட்டை திவான், எறிவதில் தேர்ந்தவர் யாரும் இப்போது இல்லை, வளரி பூஜையறையில் இருக்கிறது, ஆயுதபூஜைக்குத் துடைத்துத் திரும்ப வைக்கிறார்கள் என்கிறார். நூறு வருஷம் தாண்டியும் நிலைமை ஏறக்குறைய அதேதான்.

இப்போது வளரி அதிகம் தென்படுவது போஸ்டரிலும் பேனரிலும். அங்கே அது சாதியின் அடையாளம். 1957 கலவரத்தை இன்னும் மறக்காத பூமியில் ஆயுதத்தை அப்படித் தூக்கிப் பிடிப்பது வீரமும் இல்லை, ரசனையும் இல்லை. அந்த பேனரில் வளரியைச் செதுக்கிய தச்சருக்கும் அடித்த கொல்லருக்கும் ஒரு மூலைகூடக் கிடையாது. சுவிஸ் சிப்பாயின் காகிதத்துண்டு பத்திரமாக இருக்கிறது, இவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒரு தராசு, ஒரு அளவு நாடா, ஒரு கேமரா. வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒவ்வொரு வளரியின் எடை, நீளம், வளைவு, மரம் இவற்றைக் குறித்து வைக்கலாம். ஆயுதபூஜை அன்று எப்படியும் வெளியே எடுப்பார்கள். அன்றைக்கே போனால் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.