புள்ளி விவரங்கள் ஊர் திரும்ப வேண்டும்

சர்க்கார் இலாகாக்கள் திரட்டும் புள்ளி விவரங்கள் பொதுமக்களின் பணத்தைக் கொண்டு திரட்டப்படுபவை. ஆகையால் அவை பொதுமக்களுக்கு உரியவை என்னும் கொள்கை நம் நாட்டில் ஏற்கப்பட்டுவிட்டது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 2012-இல் மத்திய சர்க்கார் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்து, பல அமைச்சகங்களின் அட்டவணைகளை யாவரும் எடுத்து ஆளத்தக்க வகையில் ஓர் இணையதளத்தில் வெளியிடத் தொடங்கியது. இது பாராட்டத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும், வெளியிட்ட விவரம் யாரிடம் சென்று சேர்ந்தது என்னும் கேள்வியை நாம் இன்னும் போதிய அளவு எழுப்பவில்லை என்பது என் அபிப்பிராயம். குடிநீரில் கலந்துள்ள ஃப்ளூரைடு என்னும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃப்ளூரைடு மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுப்பது நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், முதன்முதலாக மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. பின்னர் தெலங்கானாவின் நல்கொண்டா, ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு எனப் பல பிரதேசங்களில் இத்தொல்லை இருப்பது தெரியவந்தது. பாறைகளிலுள்ள தாதுப் பொருள்களிலிருந்து இவ்வுப்பு நீரில் கரைகிறது. இதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் இது நீங்குவதில்லை. நீர் சுண்டுவதால் இதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. குழந்தையின் நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் முதல் எட்டு ஆண்டுகளுக்குள் உருவாகிவிடுகிறது. அக்காலத்தில் மிகையான ஃப்ளூரைடு உடலில் சேர்ந்தால் பற்களில் தோன்றும் கறை பிறகு நல்ல நீர் குடிப்பதனால் மறைவதில்லை. பல ஆண்டுகள் இந்நீரையே பருகுவோருக்கு எலும்புகளும் மூட்டுகளும் விறைத்துப் போகின்றன. ஆகவே, ஒரு கிணற்றைப் பற்றிய உண்மை அவ்வூருக்கு ஐந்து ஆண்டுகள் தாமதமாகச் சென்றால், ஐந்து ஆண்டுக் குழந்தைகள் அத்தாமதத்தைத் தம் பற்களிலேயே சுமக்க நேரிடும்.

இவ்வுண்மையின் ஒரு பகுதி நீர் இலாகாவிடம் உள்ளது. மற்றொரு பகுதி சுகாதார இலாகாவிடம் உள்ளது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ராஜ்யங்களின் சோதனைச் சாலைகளும் கிணற்று நீரை ஆராய்ந்து அட்டவணையிடுகின்றன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்க வேண்டும் என்று வகுத்தது. மறுபுறம், 2008-09-இல் தொடங்கப்பட்ட ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிக் குழந்தைகளின் பற்கள் பரிசோதிக்கப்படுகின்றன. இவ்விரு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கே எந்தக் கைப் பம்பை முதலில் மூட வேண்டும் என்பது விளங்கும். தரவுகளைத் திறந்து வைப்பதன் பெரும் பயன் இவ்வாறு இணைத்துப் பார்ப்பதற்கு இடமளிப்பதே.

ஆனால் இணைப்பது எளிதன்று. ஒரே கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்; ஒரே பெயருள்ள கிராமங்கள் ஒரு ஜில்லாவிலேயே இரண்டு இருக்கும். பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிப் பட்டியலில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனி எண் வழங்கப்பட்டுள்ளது. எல்லா இலாகாக்களும் அவ்வெண்ணைத் தவறாமல் குறித்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். மேலும், ஜில்லாவின் சராசரி அளவு ஆராய்ச்சியாளருக்குப் பயன்படலாம். நீர் எடுக்க வருபவருக்கு அது பயன்படாது. ஒரே ஊரில் திறந்த கிணற்று நீர் நல்லதாகவும், சற்றுத் தொலைவிலுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீர் கேடானதாகவும் இருத்தல் கூடும். எந்தக் கிணறு, எந்தத் தேதியில் என்னும் இரண்டும் இல்லாத அளவு அவ்வூருக்கு உதவாது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் சொந்தப் பிழை ஒன்றைக் கூறுதல் பொருந்தும். நீர்ச் சோதனை அட்டவணை ஒன்று தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. பல கட்டங்களில் அளவுக்குப் பதிலாக 'என்.டி.' என்னும் இரண்டு எழுத்துக்களே இருந்தன. சோதனைச் சாலை வழக்கப்படி அவற்றுக்குக் 'காணப்படவில்லை' என்று பொருள் கொண்டு அவ்வாறே எழுதினேன். அச்சுப் பிரதியைத் திருத்தும்போது, அக்கட்டங்களுக்கு எதிரே சோதனைத் தேதியும் இல்லாதிருப்பதைக் கண்டு ஐயுற்றேன். அட்டவணையைத் தயாரித்தவர்களைக் கேட்டதில், அவ்வெழுத்துக்களுக்குச் 'சோதனை செய்யப்படவில்லை' என்பதே பொருள் என்று பதில் வந்தது. சோதிக்கப்படாத கிணறுகளை நான் நல்ல கிணறுகள் ஆக்கியிருந்தேன்! பிழை அச்சேறாமல் தப்பியது. ஆனால் ஆங்கில மூலத்தில் அவ்வெழுத்துக்கள் விளக்கமின்றி ஏற்கெனவே வெளியாகியிருந்தன. அதை வாசித்தவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே பொருள் கொண்டிருப்பர்!

இதிலிருந்து நான் கற்றது, மொழிபெயர்ப்பு என்பது அட்டவணைக்குப் பின்னர்ப் பூசும் மெருகு அன்று என்பதே. ஒரு பத்தியின் தலைப்பை மக்கள் பேசும் மொழியில் எழுத முற்படும்போதுதான் அத்தலைப்புக்குத் தெளிவான பொருள் உண்டா, இல்லையா என்பது புலப்படுகிறது. தாய்மொழியில் சொல்ல இயலாத தலைப்பு ஆங்கிலத்திலும் சரியாகச் சொல்லப்படவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

சட்டமும் இதையே விரும்புகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டிய செய்திகளைப் பற்றிக் கூறுகையில், அந்தந்த வட்டாரத்தின் மொழியையும், அங்கு செய்தியைப் பரப்புவதற்கு மிகவும் ஏற்ற முறையையும் கருத்தில் கொள்ளுமாறு பணிக்கிறது. பரப்பும் வழிகளில் அறிவிப்புப் பலகையையும் பொது அறிவிப்பையும் இணையத்தோடு சேர்த்தே அது எண்ணுகிறது. இச்சட்டம் பிறந்த வரலாறும் நினைவுகூரத் தக்கது. 1994-இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பினர் பொது விசாரணைகளை நடத்தத் தொடங்கினர். வேலை செய்தோரின் கூலிப் பட்டியல்கள் அங்கே ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. எழுத்தறியாதவர்களும் அவற்றைக் கேட்டு, வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினர். ஊரின் மொழியில், ஊரின் நடுவே வைக்கப்பட்டதனாலேயே அக்கணக்கு திருத்தம் பெற்றது.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவதும் கவனிக்கத்தக்கதே. கிணற்று நீரின் அளவைப் பலகையில் எழுதினால் மக்கள் பீதியடைவர் என்பர். விளக்கமற்ற எண் பீதியை உண்டாக்கும் என்பது மெய்யே. ஆகவே, இந்நீரைக் குளிக்கவும் துணி துவைக்கவும் பயன்படுத்தலாம், குடிக்கவும் சமைக்கவும் கூடாது, அதற்கு இன்ன இடத்து நீரை எடுத்துக்கொள்ளவும் என்ற மூன்று வரிகளை எண்ணின் கீழே சேர்த்தல் வேண்டும். மாற்று நீரே இல்லாத இடத்தில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளூரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறை போன்றவற்றை இலாகா ஏற்பாடு செய்ய வேண்டும். தனி மனிதரின் அந்தரங்கம் கெடும் என்பது மற்றோர் ஆட்சேபம். கிணற்றுக்கு அந்தரங்கம் இல்லை, குழந்தைக்கு உண்டு. எனவே கிணற்றின் அளவைப் பெயரிட்டு வெளியிடலாம். கறைபடிந்த பற்களையுடைய குழந்தைகளின் பெயர்களை ஒருபோதும் வெளியிடலாகாது. பள்ளிவாரியான எண்ணிக்கையே போதும். அதுவும் இரண்டு மூன்று என மிகச் சிறியதாயின், யாரென்று பிறர் ஊகிக்க இடமுண்டாதலால், பல பள்ளிகளைச் சேர்த்தே காட்ட வேண்டும்.

இலாகாக்கள் செய்ய வேண்டியவை என்று நான் கருதுபவை நான்கு. அட்டவணையின் தலைப்புகளும் குறிப்புகளும் வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். சோதிக்காத இடத்தில் 'சோதிக்கவில்லை' என்று முழுச் சொல்லால் எழுதுதல் வேண்டும். கிணற்றின் அடையாளமும் கிராம எண்ணும் தேதியும் விடுபடலாகாது. பிழை கண்டவர் யாருக்கு எழுதலாம் என்பதை அட்டவணையின் அடியில் குறித்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

களப் பணியாளரும் ஆசிரியரும் இலாகாவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. மாதிரி நீரைச் சீசாவில் நிரப்பி அனுப்பும் பணியாளர், அதன் முடிவை அக்கிணற்றடிக்கே திரும்பக் கொண்டுசென்று கூறுவதைத் தம் வேலையின் முடிவாகக் கொள்ளலாம். உயர் வகுப்பு ஆசிரியர் தம் ஊர் அட்டவணையைத் தரவிறக்கி, அதிலுள்ள ஒவ்வொரு பத்தித் தலைப்பையும் மாணவரைக் கொண்டு தாய்மொழியில் எழுதச் செய்யலாம். எந்தத் தலைப்பில் அவர்கள் தடுமாறுகிறார்களோ, அதைப் பற்றி இலாகாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதட்டும். வகுப்பறையில் மாணவர் புன்னகையில் பழுப்புக் கோடுகளை முதலில் காண்பவர் ஆசிரியரே. அவர் கண்டதும் சோதனைச் சாலை கண்டதும் ஒரே தாளில் சேரும் நாளில்தான், நாம் திறந்து வைத்த தரவு ஊருக்குப் பயன்பட்டதென்று கூற முடியும்.