இடம்பெயர்ந்த கல்லறைகளும் எழுதப்படாத பெயர்களும்

சயாம், பர்மா எல்லைக் காடுகளினூடே 1942, 43ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படை அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையைத் தமிழர் ‘சயாம் மரண இரயில்’ என்றே வழங்குவர். அப்பாதையோரம் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுவர். அத்தொழிலாளருள் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். கங்காணியின் பின்னே நாகப்பட்டினத்தில் கப்பலேறியோருள் மதுரை, இராமநாதபுரச் சீமையின் வானம் பார்த்த ஊர்களைச் சேர்ந்தோரும் உண்டு. ஆதலின், செல்லூரில் வாழும் நமக்கு இஃது அயலார் வரலாறு அன்று.

போருக்குப் பின் நடந்ததையே நாம் ஈண்டுக் கருத விழைகிறோம். 1945 செப்டம்பரில் சிறு குழுவொன்று அதே இரயிலில் ஏறிக் கல்லறைகளைத் தேடிச் சென்றது. 144 இடுகாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அது கண்டறிந்தது. தேடிக் கிட்டாதவை 52 மட்டுமே. காடு மூடிய நிலத்தில் இது எங்ஙனம் இயன்றது? இறந்த தோழனின் பெயர், நாள், புதைத்த இடம் ஆகியவற்றைக் கைதிகள் காவலர் கண்ணிற் படாமல் எழுதி ஒளித்து வைத்திருந்தனர். அவ்வேடுகளின் துணையால் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. நியிகேக்குத் தெற்கே கிடந்தவை காஞ்சனபுரிக்கும் சுங்காய்க்கும், வடக்கே கிடந்தவை பர்மாவின் தன்பியூசயாட்டுக்கும் மாற்றப்பட்டன. அமெரிக்கர் உடல்கள் தாயகத்துக்கே சென்றன. 1943இல் நியிகே முகாமில் கொள்ளைநோயால் மாண்டோர் உள்ளிட்ட 300 பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டே குழிகளில் உள்ளது. எனினும் அவர்தம் பெயர்கள் தனியே பொறிக்கப்பட்டுள்ளன.

தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய ஏடு இல்லை. போர்க்கல்லறை ஆணையத்தின் பொறுப்போ படையினரோடு நின்றது. கூலியாள் அதன் கணக்கில் வரவில்லை. வெள்ளையர் இரக்கமற்றவர் என்று கூறி அமைவது எளிது. அவர்கள் எழுதிவைத்தார்கள், நம்மவரை எழுதிவைப்பார் இல்லை என்பதே நமக்கு உறுத்துகிறது. 1990இல் காஞ்சனபுரியில் பெருந்திரள் புதைகுழியொன்று தோண்டப்பட்டபோது எலும்புகள் வெளிப்பட்டன, பெயர்கள் வெளிப்படவில்லை.

அக்கல்லறைத் தோட்டத்தின் வாயிற் கட்டடத்தில் வேறொரு சிறு பட்டியல் உண்டு. தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கப்பெற்று, கபுறுகளைப் பேணிக்காக்க இயலாமற்போன பிரிவுபடாத இந்தியாவின் படைவீரர் 11 பேரின் பெயர்கள் அவை. உடலை இடம்பெயர்க்கவில்லை, கபுறும் நிலைக்கவில்லை. பெயர் மட்டும் கல்லில் நின்றது. அஃது இயலுமெனின் நம் தொழிலாளர்க்கும் இயலுமன்றோ?

தமிழ்த் தொழிலாளர்க்கென 2023 மே 1 அன்று காஞ்சனபுரியில் நடுகல் எழுந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய புதினங்களும் அத்துயரைப் பதிந்துள்ளன. கல் அங்கே எழலாம். பெயர்களுள் ஒரு பகுதியேனும் இங்கிருந்துதான் கிடைக்க வேண்டும். ‘மலேயாவுக்குப் போனவர், திரும்பவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்ட குடும்பங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கக்கூடும். அச்செய்தியை நேரிற் கேட்ட தலைமுறை வேகமாக மறைகின்றது. நாட்டுப்புறப் பாடல் தொகுக்க ஊரூராய்ச் செல்லும் தமிழ்த்துறை மாணவர், அவ்வேட்டிலேயே மற்றொரு பக்கம் ஒதுக்கலாம். பெயர், தந்தை பெயர், ஊர், போன ஆண்டு, தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த காலம் ஆகிய ஆறும் கேட்டெழுதினால் போதும். வரும் கோடை விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம்.