காயலான் கடைக்குப் போகுமுன்

பழைய பேப்பர், பழைய இரும்பு என்று கூவிக்கொண்டு தெருவில் வருகிறவர், என் தகப்பனார் உபயோகித்த கம்ப்யூட்டரைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே அதன் பெறுமானத்தைச் சொல்லிவிட்டார். தகரத்துக்கு இவ்வளவு, செம்புக்கு இவ்வளவு என்று அவர் பிரித்துச் சொன்ன கணக்கில் பிசகு ஒன்றுமில்லை என்றாலும், 1999-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் வாத்தியார், ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஆறு வருஷ காலம் எழுதிவைத்த எங்கள் ஊர்க் கோயிலின் வரலாறு அந்தக் கணக்கின் எந்த வரியிலும் வரவில்லை என்பதைக் கண்டு, பெட்டியைத் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒருவருக்கும் இதில் சம்மதமில்லை.

வெகுகாலம் கட்டிலடியில் கிடந்த யந்திரத்தைக் கண்டதும் மின்சாரத்தைப் பாய்ச்சி, ஓடுகிறதா என்று பார்க்கத் துடிக்கும் அவசரமே பெரும்பாலான நஷ்டங்களுக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். முதலில் மூடியைக் கழற்றி, தூசியைப் பிரஷ்ஷால் நீக்கி, மதர்போர்டில் சிறு சிறு உருளைகளாக நிற்கும் கப்பாசிட்டர்களின் தலை புடைத்திருக்கிறதா, பழுப்பாக ஏதேனும் கசிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தயாரான போர்டுகளில் இந்த வியாதி சர்வ சாதாரணம். காசு போன்ற 3 வோல்ட் பாட்டரியை மாற்றிவிடுவதும் உசிதம். அது செத்துப்போயிருந்ததனால் எங்கள் யந்திரம், உயிர் வந்ததும், இன்றைய தேதி 1980 ஜனவரி 1 என்று தீர்மானமாக அறிவித்தது. ஹார்டு டிஸ்க் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுச் சில பெட்டிகள் விழிப்பதற்கும் அந்தச் சின்னக் காசுதான் காரணம். அதை அறியாமல், டிஸ்க் போய்விட்டது என்று கைகழுவியவர்கள் அநேகர்.

நான் முதலில் போன கடையில் இருந்த பையன், மிகுந்த மரியாதையோடு, "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் ஏத்திக் குடுத்துடறேன் சார், புதுசாட்டம் ஓடும்" என்றான். ஓடியிருக்கும்தான். யந்திரத்தைப் பிழைக்கவைப்பது வேறு, அதனுள் இருப்பதைப் பிழைக்கவைப்பது வேறு என்ற பேதம் அவனுக்குத் தோன்றாததில் குற்றமில்லை. அவனிடம் வருகிறவர்களுக்கே அது தோன்றுவதில்லை.

பிறகு சென்னை ரிச்சி தெருவில், 40 ஊசி கொண்ட பழைய ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் ஒரு கேபிள் வாங்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் பிரதி எடுத்தேன். சிதிலமான இடத்திலேயே மோதி மோதி நிற்காமல், நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்டவற்றைக் குறித்துவைத்து, கடைசியில் திரும்பி வந்து நிதானமாக முயல்கிற அதன் கிரமம், பழுத்த அனுபவமுள்ள வைத்தியரின் கிரமம். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சப்தம் மட்டும் விடாமல் கேட்குமானால், அதோடு நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுத்துவிடுவதே விவேகம்.

ஃபைல்கள் வந்து சேர்ந்தன; தமிழ் வரவில்லை. கடிதங்கள் யாவும் பாமினி எழுத்துருவில் இருந்தபடியால், 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் கிடந்தன. ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் விளக்கும் போதும். கம்ப்யூட்டரில் எழுதிய அக்காலத் தமிழுக்கோ இரண்டு பூட்டுகள், டிஸ்க்கைத் திறந்த பிறகு எழுத்துருவையும் திறக்க வேண்டும். என் தகப்பனார் ஓய்வு பெற்ற அதே 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி, அரசாங்கம் டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளை அங்கீகரித்தது. 2010-இல் அரசாங்கம் யூனிகோடை ஏற்றது. இடையில் தமிழர்கள் தத்தம் வீட்டிலும் அச்சகத்திலும் எந்த எழுத்துரு அகப்பட்டதோ அதில் எழுதித் தள்ளினார்கள். ஆகவே, ஆவணங்களை மட்டும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையை விட்டுவிட்டு வருகிறவர், பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு சாவியை மறந்தவராவார்.

மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் விண்டோஸ் 98 ஓடும் ஒரு யந்திரத்தை, ஃப்ளாப்பி டிரைவோடும் பழைய எழுத்துருக்களோடும் மேஜை மேல் வைத்து, அதை ஓட்டத் தெரிந்த ஒருவரையும் அமர்த்துவது அரசாங்கத்துக்கு ஒரு பிரமாதமான செலவல்ல. சிறுபத்திரிகைகளும், ஆராய்ச்சி மாணவர்களின் ஏடுகளும், கோயில் மலர்களும் டிடிபி சென்டர்களின் பரண்களில் காளான் பூத்துக் கிடக்கின்றன. புதுக் கம்ப்யூட்டர்களுக்கு வருஷந்தோறும் பணம் ஒதுக்குகிறவர்கள், பழையது ஒன்றுக்கு ஒரு மூலையை ஒதுக்கலாகாதா?

கோயில் வரலாறு என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். எங்கள் பெட்டி ஓர் அச்சகத்திலிருந்து பழையதாக வாங்கப்பட்டது. அச்சகத்து மென்பொருளிலேயே வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அதுவோ, யந்திரத்தின் முதுகில், பழைய பிரிண்டர் மாட்டும் துவாரத்தில் டாங்கிள் என்ற பூட்டைச் செருகினாலன்றித் திறவாது, அந்தத் துவாரம் என் புது லாப்டாப்பில் கிடையாது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய யந்திரத்தை இயக்கி, மானிட்டர் சூடேறும் வரை காத்திருந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தில் தட்டெழுதி வருகிறேன். தேரோட்டம் நின்றுபோன அத்தியாயம் இப்போது நடக்கிறது; இன்னும் இருபத்தாறு பக்கங்கள் இருக்கின்றன.