கூரைக்குத் தேவை பிடிமானம்

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மணிக்கு 140 கிலோமீட்டர் வரை எட்டிய காற்றோடு கடலோரக் குடிசைகளை மட்டுமின்றிப் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளையும் சாய்த்து, உள்நாட்டு ஊர்களின் ஓட்டு வீடுகளையும் ஷீட் கூரைகளையும் பிய்த்தெறிந்தது. கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விருத்தாசலத்தைக் கடலோர ஊராக எவரும் எண்ணுவதில்லை. எனினும் கட்டடங்கள் மீதான காற்றுப் பளுவை வரையறுக்கும் ஐ.எஸ். 875 தர விதியின் மூன்றாம் பகுதி, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கிலோமீட்டர் அகலப் பட்டை முழுவதையும் புயல் மண்டலமாகக் கொள்கிறது. அம்மண்டலத்தில் மருத்துவமனை போன்ற இன்றியமையாக் கட்டடங்களுக்குக் காற்றின் வேகத்தை 1.3ஆலும் தொழிற்கூடங்களுக்கு 1.15ஆலும் பெருக்கச் சொல்லும் அவ்விதி, சாதாரண வீடுகளுக்கு எந்தக் கூடுதலையும் கேட்பதில்லை. முதலில் கூரையை இழப்பவர் வீட்டுக்காரரே என்பதால் இது வருந்தத்தக்க விடுபடல்.

புயல் கூரையை அழுத்தி உடைப்பதைவிட மேல்நோக்கி உறிஞ்சிப் பெயர்ப்பதே மிகுதி. சரிவின் மீது விரைந்தோடும் காற்று முகட்டிலும், இறவாரம் எனப்படும் வெளிநீண்ட விளிம்பிலும், மூலைகளிலும் தாழ்வழுத்தத்தை உண்டாக்க, அதே வேளையில் ஒரு சன்னல் உடைந்து உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுவதால், இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்குகின்றன. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமம். சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓட்டுக் கூரையின் ஓடுகளோ அதே பரப்பில் சுமார் 40 கிலோ எடையே கொண்டவை, தகர ஷீட் அதனினும் மிக இலேசானது. ஆகவே ஷீட்டின் மேல் கல்லும் மணல் மூட்டையும் அடுக்கும் வழக்கம் போதிய காவலாகாது. பெருங்காற்றில் அக்கற்களே உருண்டு விழுந்து ஆபத்தாகும்.

காப்பது தொடர்ச்சியான பிடிமானம். ஓடு அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரோடும், ரீப்பர் சாய்வாக நிற்கும் கைமரத்தோடும், கைமரம் இரும்புப் பட்டையால் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் பிணைந்திருக்க வேண்டும். இவற்றில் ஓர் இணைப்பு நெகிழ்ந்தாலும் மற்றவை வீண். நாற்புறமும் சரியும் கூரை இருபுறச் சரிவுக் கூரையைவிட உறுதியாக நிற்பதும், திண்ணைக் கூரையைத் தனியாக அமைத்தால் அது பெயரும்போது வீட்டுக் கூரையையும் இழுத்துச் செல்லாதிருப்பதும் பொறியியல் அறிந்த செய்திகளே.

தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கிக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவது பெரும் நன்மை. ஆயினும் ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகும் குடும்பங்களுக்கு உடனடித் தேவை கம்பியும் ஆணியும் பட்டையுமே. பல மங்களூர் ஓடுகளின் அடிப்புறக் குமிழில் கம்பி கட்டவே துளை இருக்கிறது. அது பெரும்பாலும் கட்டப்படாமலே கிடக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் உள்ள விருத்தாசலம், சுட்ட மண்ணின் வலிமையை அறிந்த ஊர். கட்டிய ஓடு எத்தனை கிலோ இழுவிசையைத் தாங்கும் என்று அங்கேயே சோதித்து, அந்த அளவைக் கொத்தனார்களுக்கும் ஓடு வேய்பவர்களுக்கும் கற்பிக்கலாம். கோடையில் ஓடுகளை இறக்கி மாற்றும்போதே முகட்டு வரிசையையும் இறவார வரிசைகளையும் கம்பியால் கட்டிவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவ்வேலை முடிந்திருக்கும்.