என்ன கொடுத்தாய்?

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் கேள்வி தாயிடம்தான்: "என்ன கொடுத்தே?" மாதந்தோறும் வந்தால் கேள்வி தீர்ப்பாகிவிடும்: "வேலைக்குப் போறவ வளக்குற புள்ள வேற எப்படி இருக்கும்?" ரத்தப் பரிசோதனையில் காரணம் அகப்படாவிட்டால் அம்மாவே காரணம்.

1987இல் மருத்துவர்கள் விவரித்த 'பிஃபாப்பா' என்றொரு காய்ச்சல் உண்டு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். 3 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை வரும். தொண்டைவலி, வாய்ப்புண், கழுத்தில் நெறிகட்டு. சில நாளில் தானே இறங்கும். இது தொற்று அல்ல; ஆன்டிபயாடிக் கேட்காது. தயிர்சாதமும் தலைக்குளியலும் இதை வரவழைப்பதில்லை.

இதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை கிடையாது. மற்ற நோய்களை விலக்கியபின், காய்ச்சல் வந்துபோன தேதிகளே துப்பு. அந்தத் தேதிகளை இரவு விழித்து, வெப்பமானியைப் பார்த்து எழுதிவைப்பவள் யார்? அவள் நீட்டும் நோட்டைப் புரட்டாமலே "ரொம்பப் பதறாதீங்கம்மா" என்கிறார்கள். அறிவு பெண்ணிடமிருந்து வந்தால் அதற்குப் பெயர் பதற்றம்.

அரசும் இப்படித்தான் நினைக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கான குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். பெண்களுக்கு உண்டு; துணையில்லாத ஆண்களுக்கும் உண்டு. மனைவி இருக்கும் ஆணுக்கு இல்லை. மனைவி இருக்கும்போது அவனுக்கு எதற்கு என்பதுதானே இதன் பொருள்!

தாய்மையைப் போற்றியது போதும். மருத்துவர்களே, அந்த நோட்டைப் படியுங்கள். அப்பாக்களே, அடுத்த தேதியை நீங்கள் எழுதுங்கள். அரசே, விடுப்பை இருவருக்கும் கொடு.