அனுப்பிய கருத்து எங்கே போகிறது?

கருத்துச் சொல்ல இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால், சட்டமியற்றுவதில் மக்களுக்கும் பங்கு வந்துவிட்டது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். எத்தனை லட்சம் மின்னஞ்சல் வந்தது என்பதையே ஜனநாயகத்தின் அளவுகோலாகக் காட்டுகிறார்கள். தவறான நம்பிக்கை இது.

2020 ஜூலையில் ஒரு மீனவர் குப்பத்தில், பெரியவர் ஒருவர் மகனுடைய செல்போனை என்னிடம் நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?" சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு. முழுக்க ஆங்கிலம். படகு நிழலில் உட்கார்ந்து பத்தி பத்தியாகச் சொன்னேன். கருத்துக்கேட்புக்கான முன்னறிவிப்பு 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைகிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நாங்க கடலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமே!" அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் அந்த வரைவை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. புரியாத மொழியில் கேட்டுவிட்டுப் பங்கேற்பு என்பது என்ன நியாயம்?

2022இல் தரவுப் பாதுகாப்பு வரைவு மசோதாவுக்கு வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று ஒன்றிய அரசு முன்கூட்டியே அறிவித்தது. யார் எதைக் கேட்டார்கள், எது ஏற்கப்பட்டது என்று தெரியாமலே 2023இல் சட்டம் வந்துவிட்டது.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே இணையவழியில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், இணையச் சேவைகளுக்கு வெவ்வேறு கட்டணம் வசூலிக்கலாமா என்று 2015 டிசம்பரில் கேட்டது. வந்த கருத்துகளையும் எதிர்க்கருத்துகளையும் வெளியிட்டது. ஃபேஸ்புக் தன் பயனர்கள் வழியே குவித்த ஒரே மாதிரியான செய்திகள், கேட்ட கேள்விக்குப் பதிலாகவில்லை என்று சொன்னது. 2016 பிப்ரவரியில் காரணங்களை விளக்கி, அந்தக் கட்டண முறைக்குத் தடை போட்டது. ட்ராய் சட்டத்தின் 11(4) பிரிவு வெளிப்படைத்தன்மையைக் கடமையாக வைத்திருக்கிறது. வேறுபாடு அங்கேதான்.

ஒன்றிய அமைச்சகங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. மசோதாவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டுக் கொள்கை இருக்கிறது. சட்டம் அல்ல என்பதால் மீறினாலும் கேட்பாரில்லை. அதைச் சட்டமாக்குங்கள். வரைவைத் தமிழிலும் தாருங்கள். அந்தப் பெரியவரின் பத்து நாளை ஏன் எடுக்க நினைத்தீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.